விமானத்திலிருந்து மண் ஈரம்: எண் பிழைத்தால் எங்கே பார்ப்பது

மண்ணின் ஈரத்தை எந்த விமானமும் நேராக அளப்பதில்லை. விமானத்தின் அடியில் பொருத்திய கதிர்வீச்சுமானி, தரை தானாகவே வெளியிடும் 21 சென்ரிமீற்றர் அலைநீள நுண்ணலையை வாங்கி, ஒளிர்வு வெப்பநிலை என்ற ஒரு கெல்வின் எண்ணைத் தருகிறது. மீதியெல்லாம் கணக்கு. நீரின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்புலத்துக்கு அது இணங்கும் அளவு, 80ஐ ஒட்டியது. காய்ந்த மண்ணினது 3 அல்லது 4. இந்தப் பெரிய இடைவெளியால் ஈரம் ஏற ஏற மண் வெளியிடும் அலை குறைகிறது. நன்கு காய்ந்த வெற்று நிலம் 280 கெல்வின் காட்டினால், தோய்ந்த நிலம் 200க்கு அருகில் இறங்கிவிடும். செடியில்லாத சமநிலத்தில் கனவளவுப்படி ஈரம் ஒரு வீதம் கூடினால் இரண்டு மூன்று கெல்வின் இறங்கும் என்ற கணக்கை எப்போதும் நினைவில் வைத்திருங்கள். கருவியின் பார்வை எட்டும் ஆழம் மேல்மண்ணில் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர்.

ஈர வரைபடம் கோணலாக வந்ததும் பலரும் முதலில் கை வைப்பது, ஒளிர்வு வெப்பநிலையை ஈரமாக மாற்றும் கணித மாதிரியின் மாறிலிகளில். நிலத்தின் மேடுபள்ளத்தைக் குறிக்கும் கரடுமுரட்டு எண்ணைச் சற்றுக் கூட்டுவார்கள், செடிகொடி அலையை மறைப்பதைக் குறிக்கும் தாவர எண்ணைச் சற்றுக் குறைப்பார்கள், வயலில் அளந்ததோடு பொருந்தும்வரை திருகுவார்கள். பொருந்தியும் விடும். அன்றைய பிழை அந்த மாறிலிகளுக்குள் ஒளிந்துகொண்டு, அடுத்த பறப்பில் வேறு முகத்தோடு வெளிவரும். ஒளிர்வு வெப்பநிலை சரி என்று உறுதியாகும்வரை ஈரக் கணக்கின் பக்கமே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிசையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: முதலில் கருவி, பிறகு அது பார்க்கும் காட்சி, கடைசியில் கணித மாதிரி. ரத்மலானையிலிருந்து எழும் சிறு விமானத்தையும் கொழும்பைச் சுற்றியுள்ள நிலத்தையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். பழகுவதற்குத் தரவு வேண்டுவோர் ஆஸ்திரேலியாவில் 2005இலும் 2006இலும் நடந்த நாஃபே (NAFE) என்ற மண் ஈர ஆய்வுப் பறப்புகளின் பதிவுகளை எடுத்துப் பார்க்கலாம். ஒரே நிலத்தின்மேல் பல உயரங்களில் பறந்து எடுத்தவை என்பதால், எந்தப் பிழை உயரத்தோடு மாறும், எது மாறாது என்று அவற்றில் நன்றாகப் படிக்கலாம்.

ஒளிர்வு வெப்பநிலை தரையின் வெப்பநிலையைத் தாண்டுகிறது

கொழும்பில் விடிகாலை மண் 25, 26 பாகை செல்சியஸில் இருக்கும். கெல்வினில் 298, 299. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு மேற்பட்ட ஒளிர்வு வெப்பநிலையைத் தானாகக் காட்ட இயலாது. 320, 400, ஆயிரம் என்று எண் எகிறினால் யாரோ எங்கோ அலை பரப்புகிறார்கள். 1400 முதல் 1427 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையில் எவரும் அலை பரப்பக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி. விதி இருந்தும், 2009 நவம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்மோஸ் மண் ஈரச் செய்மதி ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் குறுக்கீட்டில் சிக்கித் திணறியது. 2015 ஜனவரியில் சென்ற நாசாவின் ஸ்மாப் மண் ஈரச் செய்மதியில், குறுக்கீட்டைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனி மின்னணு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

எகிறிய எண்ணால் பெரிய கேடில்லை. பார்த்த உடனே வெட்டி எறிந்துவிடலாம். ஐந்து கெல்வின் மட்டும் கூட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கும் குறுக்கீட்டுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். 240 இருக்க வேண்டிய வயல் 245 காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. வயல் இரண்டு வீதம் காய்ந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதைப் பிடிக்கச் சமிக்ஞையின் தட்டையளவை (kurtosis), அதாவது அதன் ஏற்ற இறக்கங்கள் பரவியிருக்கும் வடிவத்தைச் சொல்லும் எண்ணைப் பாருங்கள். வெப்பத்தால் எழும் இயற்கை இரைச்சலுக்கு அது 3. ராடார் போல் விட்டுவிட்டு வரும் துடிப்பு அதை 3க்கு மேலே தூக்கும். விடாமல் வரும் ஒற்றை அலை கீழே இழுக்கும். ஒரு ஓட்டை உண்டு: பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணையும் துடிப்பு 3ஐ அசைக்காமலே தப்பிவிடும். ஆகவே அலையின் முனைவாக்கத்தை, அதாவது அது எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைச் சொல்லும் ஸ்டோக்ஸ் எண்களில் மூன்றாவதையும் சேர்த்துப் பாருங்கள். இயற்கை நிலத்தில் அது பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். நகர்ந்தால் அங்கே மனிதக் கை இருக்கிறது.

குற்றவாளி உங்கள் விமானத்துக்குள்ளேயே இருக்கலாம். தூரம் அளக்கும் வழிகாட்டிக் கருவி 960 முதல் 1215 மெகாஹேர்ட்ஸுக்குள் பேசுகிறது. டிரான்ஸ்பொண்டர் 1090இல் பதில் சொல்கிறது. பட்டைக்கு வெளியேதான் என்றாலும், கையெட்டும் தூரத்திலிருந்து வரும் வலுவான அலை பெருக்கியைத் திணறடித்துவிடும். தரையில் நிற்கும்போதே விமானியுடன் அமர்ந்து, அனுமதி பெற்று, ஒவ்வொன்றாக இயக்கிப் பதிவைப் பாருங்கள். கட்டுநாயக்கவின் போக்குவரத்து அருகிலிருக்கும் இந்த வானத்தில் பறக்கும்போது டிரான்ஸ்பொண்டரை அணைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அன்டெனாவுக்கும் முதல் பெருக்கிக்கும் இடையே நல்ல வடிகட்டி ஒன்றை வைப்பதே வழி.

தண்ணீரின்மேல் பறந்தாலும் எண் சரியாக வரவில்லை

இயற்பியல் முன்கூட்டியே விடை சொல்லும் ஒரே தரை தண்ணீர். 298 கெல்வினில் உள்ள அமைதியான நன்னீர், நேர் கீழே பார்க்கும்போது 110ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 38.5 பாகை சாய்வில் கிடை முனைவாக்கம் 90க்கு அருகிலும் நிலைக்குத்து முனைவாக்கம் 130க்கு அருகிலும் பிரிய வேண்டும். இந்த மூன்று எண்களும் வராத நாளில் வேறு எதையும் நம்ப வேண்டாம்.

எண் கூடுதலாக வந்தால், கரை, அன்டெனா பார்க்கும் கற்றைக்குள் நுழைந்திருக்கலாம். 3000 மீற்றர் உயரத்தில் ஒரு கற்றை தரையில் மூடும் வட்டம் ஒரு கிலோமீற்றரை நெருங்கும். பேர வாவியோ தியவன்னா ஓயாவோ அதற்குப் போதாது. 150 மீற்றருக்கு இறங்கினால் வட்டம் 50 மீற்றர் அளவுக்குச் சுருங்கும், தியவன்னா போதும். ஆனால் அங்கே ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறதா என்று முதல்நாள் மாலை யாராவது நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் பழைய நிலைதான் தெரியும். இலைப் பரப்பு கருவிக்குத் தண்ணீராகத் தெரியாது.

எண் குறைவாக வந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். நீர்கொழும்புக் களப்பும் கடலோடு தொடர்புள்ள பொல்கொட ஏரியும் பருவத்துக்கேற்ப உவர்ப்பு மாறுபவை. நன்னீர் கடல்நீராகும்போது இந்த அலைநீளத்தில் பத்துக் கெல்வினுக்கு மேல் இறங்கும். படகில் ஒருவரை அனுப்பி, பறக்கும் அதே நேரத்தில் நீரின் வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளக்கச் செய்வது செலவில்லாத வேலை. அதை விட்டுவிட்டுப் பின்னர் ஊகிப்பவர்கள் வாரக்கணக்கில் தவிக்கிறார்கள்.

நீரும் சரி, படகும் சரி, எண் மட்டும் சரியில்லை என்றால் அளவுத்திருத்தத்துக்குத் திரும்புங்கள். பறப்புக்கு முன்னும் பின்னும் அன்டெனாவுக்கு இரண்டு பொருள்களைக் காட்டுகிறோம்: அலையை முழுதாக விழுங்கும் கரும்பெட்டி ஒன்று, திறந்த வானம் ஒன்று. அண்டவெளிப் பின்னணிக் கதிர்வீச்சு 2.7 கெல்வின், வளிமண்டலம் தன் பங்கைச் சேர்த்தாலும் இந்த அலைநீளத்தில் வானம் ஐந்து ஆறு கெல்வின்தான். ஆனால் ஹேங்கர் சுவருக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நடுவே நின்று வானத்தைப் பார்த்தால், கற்றையின் ஓரங்கள் சுவரையும் சேர்த்து வாங்கும். உண்மையில் 20 கெல்வின் வந்திருக்க, நீங்கள் அதற்கு 5 என்று பெயரிட்டால் என்ன நடக்கும்? கரும்பெட்டி 298இல் சரியாக நிற்கிறது என்று கொள்வோம். 110 காட்ட வேண்டிய தண்ணீர் 100 காட்டும். 240 காட்ட வேண்டிய வயல் 237 காட்டும். வயலில் மூன்று கெல்வின் என்றால் ஒரு வீதத்துக்கு மேல் பொய்யான ஈரம். தண்ணீரில் பத்துக் கெல்வின் பிழை தெரிந்ததால்தான் வயலில் ஒளிந்த மூன்றைப் பிடிக்க முடிகிறது. ஒவ்வொரு பறப்பிலும் நீர்மேல் போகச் சொல்லி நான் வற்புறுத்துவது இதற்காகவே.

பறப்புப் பாதைக்கு இணையாக வரிவரியாகத் தெரிகிறது

பல கற்றைகள் கொண்ட கருவிகளில் இது அடிக்கடி வரும். நாஃபே பறப்புகளில் பயன்பட்ட கதிர்வீச்சுமானிக்கு இருபுறமும் 7, 21.5, 38.5 பாகைகளில் ஆறு கற்றைகள் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் நிலத்தைப் பார்ப்பதால் ஒரே நிலம் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண் தரும்.

கிடை முனைவாக்கப் படத்தையும் நிலைக்குத்து முனைவாக்கப் படத்தையும் பக்கம் பக்கமாக விரித்து வையுங்கள். ஒன்றில் ஓரக் கற்றை குளிர்ந்தும் மற்றதில் அதே கற்றை சூடாகியும் தெரிந்தால், அது கோணத்தின் வேலை. எல்லாக் கற்றைகளையும் ஒரே கோணத்துக்கு மாற்றும் படியை யாரோ விட்டிருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே கற்றை ஒரே பக்கமாக விலகினால், அந்தக் கற்றையின் அளவுத்திருத்தம் கெட்டிருக்கிறது.

மூன்றாவது வகை கொஞ்சம் தந்திரமானது. படத்தின் ஒரு பாதி முழுதும் குளிர்ந்து மறுபாதி சூடாக இருக்கும். அதே பாதையை எதிர்த்திசையில் பறந்த பதிவை எடுங்கள். குளிர்ந்த பக்கம் விமானத்தோடு சேர்ந்து திரும்பியிருந்தால், அதாவது போகும்போதும் வரும்போதும் விமானியின் இடப்புறமே குளிர்ந்திருந்தால், அன்டெனா சாய்வாகப் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது சாய்வைச் சொல்லும் கருவியின் பூச்சியம் விலகியிருக்கிறது. குளிர்ச்சி அதே வயல்களின்மேல் தங்கியிருந்தால் வயல்கள் மெய்யாகவே ஈரமானவை. எதிர்த்திசைப் பறப்பு இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. எரிபொருள் மிச்சம் என்று அதைத் திட்டத்திலிருந்து வெட்டவேண்டாம்.

விமானம் திரும்பும் இடங்களில் வரும் வளைந்த கறைகளை ஆராய வேண்டியதில்லை. பக்கச் சாய்வு பத்துப் பாகையைத் தாண்டிய பதிவுகளை நீக்கிவிட்டுப் போங்கள்.

ஒரே வயல் போகும்போது ஒன்று, திரும்பும்போது வேறொன்று

ஒரு மணி நேரத்தில் வயல் அவ்வளவு மாறாது. ஏற்பு மின்சுற்று தன் வெப்பநிலையில் நிலைபெறும் முன்பே கிளம்பியிருக்கலாம். அதன் வெப்பநிலைப் பதிவை வரைந்து பார்த்தால் உடனே தெரியும்.

வறண்ட நாடுகளின் கையேடுகளில் கிடைக்காத இன்னொரு காரணம் நமக்கு உண்டு. 3000 மீற்றரில் காற்று நம் தரையைவிட ஏறத்தாழ 15 பாகை குளிர்ந்தது. அங்கே குளிர்ந்த அன்டெனா மூடி, 150 மீற்றருக்கு இறங்கியதும் கொழும்பின் ஈரக்காற்றைச் சந்தித்து வியர்க்கிறது. குளிர்பானப் போத்தலை மேசையில் வைத்தால் பூப்பதுபோல மெல்லிய நீர்ப்படலம் மூடி முழுதும் பூக்கும். அந்தப் படலம் எண்ணை ஓரிரு கெல்வின் நகர்த்தும். பத்து இருபது நிமிடத்தில் காய்ந்து மறையும். தரையிறங்கிப் பார்க்கும்போது எந்தத் தடயமும் இருக்காது. தாழ்வான பறப்பை முதலில் முடித்துப் பிறகு உயரே போங்கள். அது முடியாதபோது, இறங்கிய பின் தண்ணீரின்மேல் ஒரு சுற்றுப் போய், எண் தன் இடத்துக்கு வந்ததா என்று பார்த்துவிட்டு வயலுக்குச் செல்லுங்கள்.

வயலில் 70 வீத ஈரம் காட்டுகிறது

கனிம மண்ணின் துளைவெளி பாதியளவுதான். 50 வீதத்துக்கு மேல் நீர் நிற்க அதில் இடமில்லை. கணினி 70 என்கிறது என்றால் வயல் வரப்புக்குள் நீர் கட்டி நிற்கிறது. நாற்று நட்ட காலத்தில் ஹோமாகம, ஹங்வெல்லப் பக்கத்து வயல்களில் இது வழக்கம். அதை மண் ஈரமாக மாற்ற முயலாமல், நீர் நிற்கும் நிலம் என்று குறியிட்டு விடுங்கள்.

முழு வயல் வேண்டியதில்லை. ஓரமாக ஓடும் கால்வாய் ஒன்றே போதும். கற்றை வட்டத்தில் ஐந்து வீதம் தண்ணீர் என்று வையுங்கள். 250 காட்டும் நிலத்துக்குள் 110 காட்டும் தண்ணீர் ஐந்து வீதம் புகுந்தால் எண் ஏழு கெல்வின் இறங்கும். ஈரம் மூன்று வீதம் வரை கூடியதாகத் தெரியும். கால்வாயும் ஓடையும் குளமும் நெருங்கிக் கிடக்கும் இந்த மாவட்டத்தில் நீர்நிலை வரைபடம் இல்லாமல் வேலையைத் தொடங்கக்கூடாது. வத்தளையிலோ கல்கிசையிலோ கரையோரமாகப் பறந்தால் கடலும் கற்றையின் ஓரத்தால் உள்ளே வரும்.

நகரத்துக்குள் பெரிய தகரக் கூரைகள் திடீரென ஈரத் திட்டுகளாகத் தெரிவதும் இதன் உறவுதான். உலோகம் தான் எதையும் வெளியிடாமல் குளிர்ந்த வானத்தைத் திருப்பிக் காட்டுகிறது. கட்டடப் பகுதிகளில் ஈரக் கணக்கே வேண்டாம்.

நண்பகல் பறப்பில் வயல்நீரும் கடலும் பளிச்சென்று சூடாகத் தெரிந்தால் சூரியன் தெறிக்கிறது. இந்த அலைநீளத்தில் சூரியன் இலட்சம் கெல்வினைத் தாண்டியது. ஏப்ரல் முதல் பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் கொழும்பில் அது நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். நேர் கீழே பார்க்கும் கற்றை அதன் தெறிப்பைத் தப்ப முடியாது. விடிகாலையில் பறப்பது இதற்கும் நல்லது, மண்ணும் இலையும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பதால் கணக்குக்கும் நல்லது. ஸ்மாப் செய்மதியின் பாதைகூடக் காலை ஆறு மணியை ஒட்டியே வகுக்கப்பட்டது.

பெருமழை பெய்த மறுநாளும் தோட்டம் காய்ந்தே தெரிகிறது

தென்னை, இறப்பர், அடர்ந்த வீட்டுத்தோட்டம் எல்லாம் மண்ணின் அலையை இடையில் மறித்துத் தங்கள் அலையைச் சேர்த்து அனுப்புகின்றன. சதுர மீற்றருக்கு 5 கிலோகிராம் நீர் தாவரத்தில் இருந்தால், வழக்கமான 0.12 என்ற தாவர எண்ணின்படி மறைப்பு 0.6 ஆகிறது. நேர் கீழே பார்க்கும்போதுகூட மண்ணின் மாற்றத்தில் 30 வீதமே மேலே வந்து சேரும். ஓரக் கற்றையில் 20 வீதத்தைச் சற்றுத் தாண்டும். ஸ்மாப் திட்டம் தன் துல்லிய வாக்கை அந்த 5 கிலோகிராமோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இறப்பர்த் தோட்டத்துக்குள் மண்ணைத் தேடி மாறிலிகளைத் திருகுவது வீண் உழைப்பு; அந்த நேரத்தைப் புல்வெளிக்கும் அறுவடை முடிந்த வயலுக்கும் கொடுங்கள். புல்வெளியிலும் அடியில் நனைந்து கிடக்கும் சருகை ஒருமுறை கையால் விலக்கிப் பாருங்கள். அது தடித்திருந்தால் கருவி பார்ப்பது சருகைத்தான்.

தரையில் அளந்ததோடு ஒத்துப்போகவில்லை

விமானம்தான் பிழை என்று முடிவெடுக்கும் முன், தரையில் எடுத்த மண்ணைச் சந்தேகியுங்கள். கொழும்பைச் சுற்றிய மேட்டு நிலத்தில் செம்பூரான் சரளை நிறைந்திருக்கிறது. 5 சென்ரிமீற்றர் உயர எஃகு வளையத்தை வைத்து மரச்சுத்தியலால் அடிக்கும்போது, கடலையளவு சரளை ஒன்று விளிம்பில் மாட்டி, வளையத்தோடு சேர்ந்து கீழே இழுபடும். வளையத்தைத் தோண்டி எடுத்துப் பாருங்கள்: மண்ணுக்கும் எஃகுக்கும் நடுவே மேலிருந்து கீழாக, மழமழவென்று தீட்டியதுபோல ஒரு பள்ளம் தெரியும். அந்த மண் மாதிரியின் கனவளவு இனி வளையத்தின் கனவளவு அல்ல. அதைக் கொட்டிவிட்டு ஒரு முழம் தள்ளி மறுபடி அடியுங்கள். கம்பி ஊன்றி அளக்கும் மின்னணு உணரியிலும் இதே சிக்கல். சரளையில் இடித்த கம்பி பக்கத்தில் காற்றுவெளி விட்டு நின்றால் மண் காய்ந்ததாகவே காட்டும்.

அடுத்தது பொலித்தீன் பை. வெயில் ஏறியதும் பையின் உட்புறம் நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொள்ளும். மண்ணை மட்டும் தட்டில் கொட்டி நிறுத்தால் அந்த நீர் பையோடு போய்விடும். பையோடு நிறுத்து, பையின் நிறையைப் பிறகு கழியுங்கள். 105 பாகையில் 24 மணி நேரம் உலர்த்திக் கிடைப்பது நிறையளவு ஈரம்; விமானத்தின் எண்ணோ கனவளவு. இடையே தோற்ற அடர்த்தியால் பெருக்க வேண்டும். நிறையளவில் 20 வீதம் என்பது அடர்த்தி 1.4 உள்ள மண்ணில் கனவளவில் 28 வீதம். இந்தப் பெருக்கலை மறந்த அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் கருவிக்கு எட்டு வீதப் பிழை இருப்பதுபோலவே தோன்றும்.

ஒக்டோபர், நவம்பரில் மாலைதோறும் இடியோடு மழை பெய்யும் காலத்தில் இன்னொரு முரண்பாடு வரும். இலேசான தூறல் மேல் ஒரு சென்ரிமீற்றரை மட்டும் நனைத்திருக்கும். கருவி மேற்பரப்புக்கே அதிக மதிப்புக் கொடுப்பதால் ஈரம் கூடுதலாகத் தெரியும். வளையமோ ஐந்து சென்ரிமீற்றரையும் சராசரியாக்கிக் குறைவாகச் சொல்லும். இரண்டும் தத்தம் அளவில் சரிதான். அப்படிப்பட்ட நாள்களில் வளைய மண்ணை மேல் இரண்டு, கீழ் மூன்று என்று வெட்டித் தனித்தனியே உலர்த்துங்கள்.

இவை எல்லாம் தேறிய பிறகே மாறிலிகளைத் தொடலாம். அப்போதும் தாவர எண் 0.12ஐச் சுற்றி 0.03க்கு மேல் விலகாமலும், சமப்படுத்திய வயலுக்கு உழுத வயலின் கரடுமுரட்டு எண் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்துவதற்குத் தாவர எண் 0.4 வேண்டும் என்று கணினி கேட்டால், மேலே உள்ள ஏதோ ஒரு படியில் பிழை இன்னும் இருக்கிறது.

எல்லாம் சரி, முத்துராஜவெல மட்டும் ஒத்துவரவில்லை

இங்கே கருவியிலும் மண் மாதிரி எடுத்த கையிலும் குறையில்லை. களனி முகத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே கிடக்கும் அந்தச் சதுப்பு, அழுகிய தாவரம் படிந்து உண்டான சேதன மண். மண் ஈரத்தையும் மின்காப்பு மாறிலியையும் இணைக்க டொப்சன் 1985இல் தந்த சமன்பாடு போன்றவை மணலும் களியும் கலந்த கனிம மண்ணுக்கு எழுதப்பட்டவை. சேதன மண் நீரின் பெரும்பங்கை இறுகப் பிடித்து வைத்திருப்பதால், அதே ஈரத்துக்கு அதன் மின்காப்பு மாறிலி கனிம மண்ணைவிடக் குறைவு. கனிமச் சமன்பாடு அதைக் காய்ந்த மண் என்று படித்துவிடும். துளைவெளியும் 80 வீதத்தைத் தாண்டக்கூடியது. ஆகவே வயலுக்கு வைத்த 50 வீத வரம்பு இங்கே மெய்யான எண்ணையே வெட்டிவிடும். வரம்பை நீக்குங்கள். சதுப்பிலிருந்து எடுத்த மண்ணைப் பல ஈர நிலைகளில் வைத்து ஆய்வுகூடத்தில் மின்காப்பு மாறிலியை அளந்து, அந்த மண்ணுக்கென்று ஒரு வளைகோடு வரைந்து, அதையே கணக்கில் இடுங்கள். உலர்த்தும்போது 105 பாகை வேண்டாம். சேதனப் பொருளே கருகி நிறை இழந்தால் அதுவும் நீராகக் கணக்கில் சேர்ந்துவிடும். 60, 70 பாகையில், நிறை மாறாமல் நிற்கும்வரை நாள் எடுத்து உலர்த்துங்கள்.